பதிவேட்டில் இருக்கும் மருந்து படுக்கைக்கு வந்து சேர்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

மருத்துவமனைகளில் மருந்துக்கும் கருவிகளுக்கும் தட்டுப்பாடு வராமலும் அவை வீணாகாமலும் இருக்க என்ன வழி என்பது பற்றி வாசகர்களிடமிருந்து இம்மாதம் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. எழுதியவர்களில் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் இருக்கிறார்கள்; நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருந்த உறவினர்களும் இருக்கிறார்கள். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகவும், அவற்றில் கடைசி 12 ஆண்டுகள் மருந்துக் கிடங்குப் பொறுப்பிலும் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஒரு பக்கம் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி இல்லை என்று நோயாளிகளை வெளியே வாங்கி வரச் சொல்கிறோம். இன்னொரு பக்கம், பெட்டி பெட்டியாக வேறு மருந்துகள் காலாவதியாகிக் கிடக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரண்டும் எப்படி நடக்கின்றன?
– செவிலியர் ஒருவர், தேனி மாவட்டம்

பதில்: இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், சகோதரி. இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் தேவைப் பட்டியல், எழுதும்போது தேவையைக் கணக்கிடாமல், போன முறை எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த ஒரு மருத்துவர் விரும்பி எழுதிய மருந்து, அவர் மாற்றலாகிப் போன பிறகும் அதே அளவில் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவர் எழுதும் மருந்து பட்டியலில் ஏறவே ஆறு மாதம் ஆகும்.

நீங்கள் குறிப்பிட்ட செஃப்ட்ரியாக்சோனையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சராசரியாக 40 குப்பிகள் செலவாகின்றன என்றும், இண்டென்ட் எழுதிய நாளிலிருந்து பெட்டி உங்கள் அலமாரிக்கு வந்து சேர 15 நாள் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்பாராத தாமதத்துக்கும் திடீர்த் தேவைக்கும் கையிருப்பாக ஒரு வாரத்துக்கானதைச் சேர்த்தால் மொத்தம் 22 நாள். 40ஐ 22ஆல் பெருக்கினால் 880. அலமாரியில் இருப்பு 880ஐத் தொடும் நாள்தான் இண்டென்ட் எழுத வேண்டிய நாள். அலமாரி காலியாகும் நாள் அல்ல. இந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி அந்த மருந்தின் ‘பின் கார்டு’ எனப்படும் இருப்பு அட்டையின் தலைப்பில் ஒட்டி வைத்தால், கணினி இல்லாத இடத்திலும் யாரும் தவற விடமாட்டார்கள்.

இதில் பலரும் சறுக்குமிடம் அந்தச் சராசரிதான். 30 நாள் கொண்ட ஒரு மாதத்தில் 800 குப்பிகள் செலவாயின என்றால், 800ஐ 30ஆல் வகுத்து நாளைக்கு 27 என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த மாதத்தில் 10 நாள் மருந்தே இல்லாமல் இருந்திருந்தால், 800 குப்பிகளும் 20 நாளில் செலவானவை; உண்மையான தேவை நாளைக்கு 40. நாம் 27 என்று எழுதி ஒரு மாதத்துக்கு 810 குப்பிகள் வாங்கினால், அவை அடுத்த மாதம் 20ஆம் தேதியே தீர்ந்துவிடும். மறுபடியும் 10 நாள் இல்லாமை. மறுபடியும் அதே தவறான சராசரி. பற்றாக்குறை தன்னைத் தானே பதிவேட்டில் எழுதிக்கொண்டு நிரந்தரமாகிவிடுகிறது. பல ஆண்டுகளாக ‘இந்த ஊசி எப்போதும் மாதக் கடைசியில் இருக்காது’ என்று சொல்லப்பட்ட இடங்களில் நான் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலும் இந்தப் பிழைதான் அகப்பட்டது. ஆகவே மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு வகுங்கள். அதைச் செய்ய வேண்டுமானால், எந்த நாள் முதல் எந்த நாள் வரை இல்லை என்பதை மறைக்காமல் பதிவேட்டில் எழுத வேண்டும். ‘இல்லை’ என்று எழுதினால் மேலதிகாரி விளக்கம் கேட்பார் என்ற அச்சத்தில் நம்மவர்கள் அதை எழுதாமல் விடுவதுதான் பெரும் தீங்கு. விளக்கம் கேட்கும் அதிகாரிகளும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சராசரியும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூடும்; பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொடி, சலைன் ஆகியவற்றின் செலவு ஏறும். அக்டோபருக்கான இண்டென்ட்டை ஜூலை மாதக் கணக்கை வைத்து எழுதக்கூடாது. போன ஆண்டு அக்டோபரைப் பார்த்து எழுத வேண்டும்.

இனி, சொல்லத் தயங்கும் ஒரு செய்தி. நான் பொறுப்பேற்ற ஒரு மருத்துவமனையில், இதே ஊசி கிடங்கில் தீர்ந்துபோயிருந்தது. வார்டு வார்டாகப் போய் அலமாரிகளைத் திறந்து எண்ணலாம் என்று முடிவு செய்தோம். ஆண்கள் வார்டில், கிழிந்த போர்வைகளுக்கு அடியில் இருந்த ஒரு சலைன் அட்டைப்பெட்டியைத் திறந்தால், உள்ளே 140 குப்பிகள். அதே வாரத்தில், இருபதடி தள்ளி இருந்த பெண்கள் வார்டில், ஒரு கூலித் தொழிலாளியின் மனைவிக்கு அதே ஊசியை வெளியே வாங்கிவரச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் வார்டுச் செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தமக்காக எதையும் எடுத்து வைக்கவில்லை. போன முறை மருந்தில்லாமல் தவித்த தவிப்பில், தம் நோயாளிகளுக்காக ஒளித்து வைத்திருந்தார். நம்பிக்கையின்மை ஒவ்வொரு வார்டிலும் ஒரு குட்டிக் கிடங்கை உண்டாக்கிவிடுகிறது. அப்படி ஒளித்து வைக்கப்படுவது கிடங்குப் பதிவேட்டில் செலவாகிவிட்டதாகக் காட்டும்; பிறகு அங்கேயே காலாவதியாகும்.

அதற்கு நாங்கள் கண்ட வழி, ஒவ்வொரு வார்டுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் இவ்வளவு இருக்கலாம் என்று ஓர் உச்ச அளவை மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, வாரம் இரண்டு முறை கிடங்கு ஊழியரே வண்டியோடு வார்டுக்குப் போய்க் குறைந்ததை நிரப்பி வருவது. செவிலியர் இண்டென்ட் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிடங்கு வாசலில் நிற்கும் நேரமும் மிச்சமாயிற்று. நிரப்பும்போது பழையதை முன்னே இழுத்துவிட்டுப் புதியதைப் பின்னே வையுங்கள். முதலில் வந்தது எது என்பதைவிட முதலில் காலாவதியாவது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் வந்த பெட்டியிலும் முன்தேதி இருக்கக்கூடும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் பெட்டிகளில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அந்த மருந்து அதிகம் செலவாகும் வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வாரம் இருக்கும்போது ‘ஷார்ட் எக்ஸ்பைரி’ என்று அனுப்பினால் யாரும் வாங்கமாட்டார்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனை மாத்திரைப் பட்டையில் ‘தமிழ்நாடு அரசு’ என்று அச்சிட்டிருக்கிறதே, அந்த மருந்துகளை அரசே தயாரிக்கிறதா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இல்லை. மருந்து நிறுவனங்கள் தயாரிக்கின்றன. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அவற்றை மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. 1994 ஜூலையில் அரசு நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்ட இக்கழகம், 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. விற்பனைக்கு அல்ல என்ற அறிவிப்போடு அரசு முத்திரையைப் பட்டையிலேயே அச்சிடச் செய்தது, மருந்து வெளிச்சந்தைக்குப் போவதைத் தடுப்பதற்காக. உதிரியாக டப்பாவில் கொட்டி வரும் மாத்திரைகளுக்குப் பதில் பட்டையில் அடைத்த மாத்திரைகளை வலியுறுத்தியதும் ஒரு பெரிய நன்மை. நம் ஊர் ஈரக்காற்றில், மூடி திறந்த டப்பாவில் உள்ள மாத்திரை விரைவிலேயே பிசுபிசுத்துவிடும் என்பது அந்தக் காலத்தில் பணியாற்றியவர்களுக்குத் தெரியும்.

மருந்துகள் முதலில் மாவட்டக் கிடங்குகளுக்கு வருகின்றன. அங்கிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறிய பிறகே அந்தத் தொகுதி மருந்து மருத்துவமனைகளுக்கு வழங்கப்படும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புக் உண்டு. அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை வரவாகவும், எடுத்துக்கொண்ட மருந்தின் மதிப்பு செலவாகவும் அதில் பதிவாகும். இந்தப் பாஸ்புக் முறையை நான் மிகவும் மதிக்கிறேன். மேலிருந்து யாரோ பிரித்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கும், ‘எனக்கு இவ்வளவு தொகை இருக்கிறது, என் நோயாளிகளுக்கு எது வேண்டும்’ என்று மருத்துவமனையே தேர்ந்தெடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஆனால் கிடங்கு வரை மருந்து வந்து சேர்வதைத்தான் கழகம் செய்ய முடியும். அதற்குப் பிறகு உள்ள தூரம் மருத்துவமனையின் பொறுப்பு. முதல் கேள்விக்கு நான் நீட்டி எழுதியதன் காரணம் அதுதான்.

கேள்வி: 20 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனை நடத்துகிறேன். மருந்து அலமாரியிலேயே என் முதலீடு முடங்கிக் கிடக்கிறது. எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக்கூடாது?
– மருத்துவர் ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் கடந்த ஓராண்டுக் கொள்முதல் கணக்கை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டு முழுவதும் செலவிட்ட தொகையைக் கூட்டி, பெரியதிலிருந்து சிறியது வரை வரிசைப்படுத்துங்கள். ஏறத்தாழ எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே மாதிரியான ஒரு வடிவம் தெரியும்: நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பொருள்களே செலவில் சுமார் 70 விழுக்காட்டை விழுங்கியிருக்கும். இவை ‘ஏ’ பிரிவு. அடுத்த இருபது பொருள்கள் 20 விழுக்காடு, அவை ‘பி’. மீதிப் பெருங்கூட்டம் 10 விழுக்காடு மட்டுமே, அவை ‘சி’. பணத்தை மீட்க வேண்டுமானால் ‘ஏ’ பிரிவில் கை வைக்க வேண்டும்: அவற்றை வாரம் ஒருமுறை எண்ணுங்கள், சிறிது சிறிதாக அடிக்கடி வாங்குங்கள், விலை பேசும் நேரத்தை அவற்றுக்கே செலவிடுங்கள். பஞ்சையும் பிளாஸ்டரையும் மாதாமாதம் எண்ணி ஆளை வதைப்பதால் ஒன்றும் மிச்சமாகாது; மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிப் போட்டுவிடலாம்.

இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. அட்ரினலின் ஊசியின் விலை மிகக் குறைவு. ஆண்டுச் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. ‘சி’ பிரிவின் அடியில் கிடக்கும். ஆனால் ஊசி போட்டதும் ஒவ்வாமையால் மூச்சடைத்து விழுந்தவருக்கு அது அந்த நிமிடமே வேண்டும். ஆகவே இரண்டாவது வரிசை ஒன்று தேவை: இல்லாவிட்டால் உயிர் போகும் என்பவை, இல்லாவிட்டால் சிகிச்சை தடைபடும் என்பவை, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்பவை. ஆங்கில எழுத்துகளால் இவற்றை வி, இ, டி என்று குறிப்பார்கள். இந்தப் பிரிவினையைக் கணக்காளர் செய்யக்கூடாது. நீங்களும் உங்கள் மூத்த செவிலியரும் சேர்ந்து செய்ய வேண்டும். ‘வி’ என்று குறித்த எதுவும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எவ்வளவு அரிதாகத் தேவைப்பட்டாலும், ஒரு நாளும் பூஜ்யத்துக்கு வரக்கூடாது. அதில் சில காலாவதியாகத்தான் செய்யும். அந்த இழப்பை இழப்பு என்று எண்ணாதீர்கள்.

எலும்பு முறிவுக்கான தகடுகள், திருகுகள் போன்றவற்றை எல்லா அளவிலும் வாங்கி அடுக்குவது உங்கள் அளவுள்ள மருத்துவமனைக்கு வேண்டாத சுமை. விநியோகஸ்தர் தம் பொருளாகவே உங்களிடம் வைத்துவிட்டு, பயன்படுத்தியதற்கு மட்டும் பில் போடும் ஏற்பாட்டைக் கேளுங்கள். மருந்து வாங்கும்போதே, காலாவதிக்கு எத்தனை மாதம் முன்பு திருப்பினால் எடுத்துக்கொள்வார்கள் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பி குழந்தையைச் சேர்த்திருந்த மருத்துவமனையில், மூன்று கருவிகளில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டி, மாதக்கணக்கில் அப்படியே விட்டிருந்தார்கள். இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியதைச் சரிசெய்ய ஏன் இவ்வளவு காலம் ஆகிறது?
– வாசகர் ஒருவர், வேலூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது; நீங்கள் கண்டது ஒரு மருத்துவமனையின் குறை மட்டும் அன்று. தேசிய நலவாழ்வுக் குழுமம் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் உள்ள மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை இயங்காமல் இருப்பது தெரிய வந்தது. அதன் விளைவாகவே 2015இல் மருத்துவக் கருவிகளின் பராமரிப்புக்கென ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டில் இத்தனை விழுக்காடு காலம் கருவி இயங்க வேண்டும் என்று அதில் அளவு வைத்தார்கள்: மாவட்ட மருத்துவமனைக்கு 95, சமுதாய நலவாழ்வு நிலையத்துக்கு 90, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 80. எத்தனை கருவிகள் வாங்கினோம் என்பதிலிருந்து எத்தனை நாள் ஓடின என்பதற்குப் பேச்சை மாற்றியது நல்ல மாற்றம்.

ஆனால் ‘பழுது’ என்ற ஒரு சொல்லுக்குள் பல கதைகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைகள் பிரிவு ஒன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மர் ஒன்று பச்சைத் துணியால் மூடப்பட்டு மூலையில் நின்றது; பக்கத்தில் இருந்த வார்மர்களில் இரண்டு இரண்டு குழந்தைகளாகக் கிடத்தியிருந்தார்கள். துணியை விலக்கி ஸ்விட்சைப் போட்டேன்; எரிந்தது. உடனே எச்சரிக்கை மணி அடித்தது. குழந்தையின் வயிற்றில் ஒட்டி உடல் வெப்பத்தை அளக்கும் புரோபின் ஒயர், அடிக்கடி மடங்கியதால் முனையில் விண்டுபோயிருந்தது. வேறொன்றும் இல்லை. ஓர் அடையாளத்துக்காகக் கட்டிய பிளாஸ்டர்கூட அந்த ஒயரில் அப்படியே இருந்தது. கருவி பழுது என்று கடிதம் போயிருந்தது. புரோப் வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. வந்த பொறியாளர் பார்த்துவிட்டு, அது ஒப்பந்தத்தில் சேராத பொருள் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். கொள்முதல் பிரிவுக்கு அந்தத் தாள் போய்ச் சேரவே இல்லை. ஏழு வாரம் ஒரு கைப்பிடி ஒயருக்காக அந்த வார்மர் மூலையில் நின்றது.

இப்படி நிற்கும் கருவிகளில் பலவற்றுக்குத் தேவைப்படுவது சில்லறைப் பொருள்கள்தான்: விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கிளிப், இ.சி.ஜி. கேபிள், வென்டிலேட்டரின் ஆக்சிஜன் செல், தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு, டிஃபிப்ரிலேட்டரின் பேட்டரி. இவை தேயும் என்பது வாங்கும் அன்றைக்கே தெரியும். கருவிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இவற்றின் விலையையும் கேட்டு, எத்தனை ஆண்டுக்கு இந்த விலைக்குத் தர வேண்டும் என்று எழுதி வாங்காவிட்டால், பின்னால் அவற்றுக்குத் தனிக்கோப்பு ஓட வேண்டும். ஆய்வகக் கருவிகளில் இது இன்னும் கடுமையானது. சில கருவிகள் அதே நிறுவனத்தின் ரீஏஜென்ட்டை, அதாவது சோதனைக்கான வேதிப்பொருளை, மட்டுமே ஏற்கும். கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ரீஏஜென்ட்டில் விலையை ஏற்றும் வழக்கம் உண்டு. நன்கொடையாக வரும் கருவிகளுக்கும் இதையே சொல்வேன். கொடுப்பவர் நல்ல மனத்தோடு கொடுக்கிறார்; ஆயினும், அதற்கு ரீஏஜென்ட் யார் வாங்குவது, பழுது பார்ப்பது யார், இயக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்ட பிறகே பெற்றுக்கொள்ள வேண்டும்.

வாரண்டி முடிந்த மறுநாளே பராமரிப்பு ஒப்பந்தம் தொடங்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு வகை: ஒன்றில் வேலைக் கூலி மட்டும் அடங்கும், மற்றதில் உதிரிபாகங்களும் அடங்கும். எது என்று தெரியாமலே கையொப்பமிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவியின் மேலேயே ஓர் அட்டையில் வாங்கிய தேதி, வாரண்டி முடியும் தேதி, அழைக்க வேண்டிய எண், கடைசியாகச் சோதித்த தேதி ஆகிய நான்கையும் எழுதித் தொங்கவிட்டால், இரவுப் பணியில் இருப்பவரும் புகார் கொடுக்க முடியும். புகார் கொடுத்த நேரத்தையும் சரியான நேரத்தையும் குறித்து வைத்தால்தான், ஒப்பந்த நிறுவனத்திடம் தாமதத்துக்கு அபராதம் கேட்க முடியும்.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த கருவிகளைக் ‘கண்டம்’ செய்து, அதாவது இனிப் பயன்படாது என்று அறிவித்து, அகற்றவும் வேண்டும். அதற்குக் குழு, பொறியாளர் சான்று, மதிப்பீடு, ஏலம் என்று நடைமுறை நீளமானதால், தலைவலி வேண்டாம் என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். அவை பதிவேட்டில் கருவியாகவே நீடிக்கின்றன. ‘உங்களிடம்தான் நான்கு இருக்கின்றனவே’ என்று புதியது மறுக்கப்படும். எக்ஸ்ரே கருவியை அகற்றும்போது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும், ஸ்கேன் கருவியென்றால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள மாவட்ட அதிகாரிக்கும் தெரிவித்தே செய்ய வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட முடியாது.

கேள்வி: ஆக்சிஜன் சிலிண்டரில் இன்னும் எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்று பார்த்ததும் சொல்ல வழி உண்டா?
– ஆம்புலன்ஸ் உதவியாளர், சேலம்

பதில்: உண்டு, மனக்கணக்காகவே போடலாம். ஆளுயர ஜம்போ சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு சுமார் 46.7 லிட்டர். அழுத்த மீட்டர் 150 ‘பார்’ (அழுத்த அலகு) காட்டினால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓடினால் 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். முள் 50க்கு இறங்கிவிட்டால் 2,300 லிட்டர்தான். நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. ஆம்புலன்ஸில் வைக்கும் சிறிய ‘பி’ வகைச் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர். முழுதாக இருந்தாலும் 1,500 லிட்டர்தான். அதே வேகத்தில் இரண்டரை மணி நேரம். மீட்டர் பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால், அந்த எண்ணை 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் கடைசி மூச்சு வரை ஓட்ட வேண்டாம். நோயாளியோடு கிளம்பும் முன், பயண நேரத்தைப்போல இரு மடங்குக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையில் நாம் அனைவரும் ஆக்சிஜனுக்காக அழுதோம். அப்போதுகூட, காலிச் சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் ஒரே சுவரோரம் கலந்து நின்றதால் நேரம் போன இடங்கள் உண்டு. முழுது, பயன்பாட்டில், காலி என்று மூன்று அட்டைகளைத் தொங்கவிடுங்கள். வால்வைத் திறக்கும் சாவியைச் சங்கிலியால் தள்ளுவண்டியிலேயே கட்டிவிடுங்கள். வால்விலோ மீட்டரிலோ எண்ணெய்ப் பிசுக்குள்ள கையை வைக்கவே கூடாது. அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் எண்ணெய் தீப்பற்றும்.

கேள்வி: மின்வெட்டின்போது தடுப்பூசிகள் சூடேறிவிடுமோ என்று பயந்து, ஐஸ் கட்டிகளின்மேல் நேராக அடுக்கி வைத்தோம். சரியா?
– கிராமச் சுகாதார செவிலியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் அது ஆபத்து. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் சேர்ந்தவை ஆகியவை உறைந்தால் கெட்டுவிடும். உருகிய பின் பார்ப்பதற்கு முன்போலவே இருந்தாலும் பயன் தராது. குப்பியில் உள்ள வெப்பமானிக் குறி சூட்டை மட்டுமே காட்டும். உறைந்ததை அது காட்டாது. இன்சுலினுக்கும் இதே விதி. மின்சாரம் நின்றால் ஐ.எல்.ஆர். எனப்படும் தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் திறக்காமல் மூடியே வைத்திருங்கள். சுவர்களில் உள்ள உறைபனி பல மணி நேரம் குளிரைத் தாங்கும். வெளியே எடுத்தே ஆக வேண்டுமானால், வெளிப்புறம் வியர்த்து உள்ளே தண்ணீர் அசையும் அளவுக்கு இளகிய ஐஸ் பேக்கைப் பயன்படுத்துங்கள். வெப்பநிலையைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

கேள்வி: காலாவதியான மருந்துகளைச் சாக்கடையில் கொட்டலாமா? ‘ஜூன் 2026’ என்று போட்டிருந்தால் ஜூன் மாதம் பயன்படுத்தலாமா?
– மருந்தாளுநர், திண்டுக்கல்

பதில்: ஜூன் 30 வரை பயன்படுத்தலாம். சாக்கடையில் கொட்டக்கூடாது. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை மஞ்சள் பையில் போகவேண்டும். புற்றுநோய் மருந்துகளைத் தனியே பிரித்து வையுங்கள். காலாவதியானவற்றை எண்ணி, மதிப்போடு எழுதி, கையொப்பம் பெற்று அனுப்புங்கள். அந்தப் பட்டியலை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால், அடுத்த இண்டென்ட் எழுதும் கை கொஞ்சம் கவனமாகும்.

கேள்வி: அடுத்த வாரம் முதன்முறையாக ஒரு தாலுகா மருத்துவமனையின் மருந்துக் கிடங்குப் பொறுப்பை ஏற்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?
– இளம் மருந்தாளுநர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தம்பி, எண்ணாமல் கையொப்பமிடாதீர்கள். முன்னவர் நல்லவராகவே இருக்கலாம். அவரும் தமக்கு முன்னவரிடம் எண்ணாமல் வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால், அன்றே எழுத்தில் கண்காணிப்பாளருக்குத் தெரிவியுங்கள். மார்ஃபின் போன்றவை இரட்டைப் பூட்டுக்குள் இருக்கின்றனவா, அதற்கான பதிவேட்டில் ஒவ்வொரு ஆம்பியூலுக்கும் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரோ பெட்டியோ ஒன்றுபோல் தோன்றும் மருந்துகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல்களை வார்டு அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டு, தேவைப்படும் பிரிவில் மட்டும் தனிப் பெட்டியில், பெரிய எழுத்தில் எச்சரிக்கை ஒட்டி வையுங்கள்; அவசரத்தில் வேறொன்று என்று எண்ணி நேராக இரத்தநாளத்தில் ஏற்றிவிட்டால் இதயம் நின்றுவிடும்.

பிறகு உங்கள் ஊரின் இரவைப் பற்றி யோசியுங்கள். உங்கள் மருத்துவமனைக்கு இரவில் வரும் கிராமத்து மக்களில் பாம்பு கடித்தவர்கள் இருப்பார்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள் இருப்பார்கள், வலிப்போடு வரும் கர்ப்பிணிகள் இருப்பார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படும் விஷமுறிவு மருந்து ஒருவருக்கு முதல் தவணையாகவே 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படும். (அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மக்கள்மேல் நன்றி பெருகும்.) ஒரே இரவில் இருவர் வரக்கூடும் என்பதால் 20 குப்பிகளேனும் கிடங்குக்கு வெளியே இருக்க வேண்டும்.

நான் பணியாற்றிய இடங்களில் ஒன்றில், பதிவேட்டின்படி 60 குப்பிகள் இருந்தன. இரவு பதினொன்றரைக்கு ஒரு சிறுவனை மோட்டார் சைக்கிளில் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். கிடங்குச் சாவி பக்கத்து ஊரில் ஓர் ஊழியரின் வீட்டில் இருந்தது. சாவி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சிறுவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்த ஒரு மணி நேரம், அவனுடைய தாய் கிடங்குக் கதவின் எதிரே தரையில் உட்கார்ந்திருந்ததை நான் மறந்ததில்லை.

மறுநாளே அவசரப் பிரிவில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்தோம். விஷமுறிவு மருந்து, அட்ரினலின், அட்ரோபின், பிராலிடாக்சிம், நியோஸ்டிக்மின், ஹைட்ரோகார்ட்டிசோன், மெக்னீசியம் சல்ஃபேட், குளுக்கோஸ், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ‘அம்பு’ பை, பல்பு எரிகிறதா என்று பார்த்த லாரிங்கோஸ்கோப் ஆகியவற்றை எண்ணி வைத்து, பட்டியலைக் கதவின் உட்புறம் ஒட்டினோம். ஆக்சிடோசின் மட்டும் பக்கத்துக் குளிர்பெட்டியில். பூட்டுப் போடவில்லை. எண் அச்சிட்ட பிளாஸ்டிக் சீல் மட்டும் போட்டோம். இரவுச் செவிலியர் தேவைப்பட்டால் கையாலேயே அதை அறுத்துத் திறந்துவிட்டு, எடுத்ததை நோட்டில் எழுதுவார். காலை எட்டு மணிக்கு மருந்தாளுநர் வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீலைப் பார்த்து, அறுந்திருந்தால் நிரப்பிப் புது எண்ணில் சீல் வைத்து, அந்த எண்ணை நோட்டில் குறிப்பார். நீங்களும் பொறுப்பேற்கும் வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். கண்காணிப்பாளரிடம் பேசத் தயங்கினால், இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.